பேஸ்மென்டை ஒரே ராத்திரியில் இறைத்தோம். காலையில் தரை உப்பியிருந்தது

கேள்வி: வேளச்சேரியிலிருந்து பள்ளிக்கரணை போகும் வழியில் எங்கள் அடுக்ககம். 24 வீடுகள், கட்டி 14 வருடம் ஆகிறது. நிலமட்டத்துக்கு 8 அடி கீழே, 9,000 சதுர அடியில் கார் நிறுத்தும் பேஸ்மென்ட் இருக்கிறது. 2023 மிக்ஜாம் புயலில்கூடத் தண்ணீர் சாய்தள வாசலோடு நின்றுவிட்டது. பிறகு தெருவில் புதிதாகத் தார் போட்டார்கள். இந்தப் புயல் மழையில் வெள்ளம் உள்ளே இறங்கி 4 அடி நின்றது. மழை விட்ட அன்றிரவே இரண்டு பெரிய இன்ஜின் பம்பு வைத்து, விடிவதற்குள் முழுக்க இறைத்துவிட்டோம். தெருவில் அப்போதும் முழங்கால் அளவு தண்ணீர். காலையில் பார்த்தால் இரண்டு இடத்தில் தூண்களுக்கு நடுவே தரை உப்பி வெடித்திருக்கிறது. வெடிப்பில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. மேஸ்திரி சிமென்ட் வைத்து அடைத்துவிடலாம் என்கிறார். எலக்ட்ரீஷியன், மெயின் போர்டைச் சூடான காற்றில் காய வைத்து லைன் கொடுத்துவிடலாம் என்கிறார். 20,000 லிட்டர் சம்பில் சாக்கடை கலந்துவிட்டது. இப்போது என்ன செய்வது? அடுத்த மழைக்கு முன் என்ன செய்வது?
— செயலாளர், குடியிருப்போர் சங்கம்

பதில்:

செயலாளர் அவர்களுக்கு,

முதலில் மேஸ்திரியை நிறுத்துங்கள். அந்த வெடிப்பை இப்போது அடைக்கக் கூடாது. அதன் வழியாகத்தான் தரைக்கு அடியில் இருக்கும் அழுத்தம் வெளியேறிக்கொண்டிருக்கிறது. அடைத்தால், பக்கத்துக் கட்டத்தில் இன்னொரு இடம் உப்பும்.

நடந்தது இதுதான். வெறும் குடத்தைத் தொட்டித் தண்ணீரில் அழுத்திப் பிடித்தால் அது கையை மேலே தள்ளும். மழைக்காலத்து ஈர மண்ணுக்குள் பேஸ்மென்டும் அப்படித்தான். ஒரு மீட்டர் உயரத் தண்ணீர், சதுர மீட்டருக்கு 1 டன் அழுத்தம் கொடுக்கும். உங்கள் தரை 8 அடி கீழே, அதாவது சுமார் 2.4 மீட்டர். தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது என்றால், சுவரை ஒட்டிய மண் மேல்வரை ஊறியிருந்தது என்று அர்த்தம். கட்டும்போது சுவருக்கு வெளியே தோண்டிய பள்ளத்தை யாரும் சரியாக இடித்து நிரப்புவதில்லை. அந்தத் தொளதொள மண் வழியாகத் தண்ணீர் நேராக அடிவரை இறங்கும். ஆக, உங்கள் தரையின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் அடியிலிருந்து ஏறக்குறைய 2.4 டன் மேலே தள்ளிக்கொண்டிருந்தது.

உள்ளே 4 அடி தண்ணீர் நின்றவரை அது 1.2 டன் எதிர்த்து அழுத்தியது. வெள்ளம் என்று நீங்கள் பார்த்தது, தரைக்கு அப்போது முட்டுக்கொடுத்த பாரம். அதை ஒரே இரவில் எடுத்துவிட்டீர்கள். மிஞ்சியது தரையின் சொந்த எடை. 6 அங்குல கான்கிரீட் என்றால் சதுர மீட்டருக்கு சுமார் 370 கிலோ. தூணுக்குத் தூண் 5 மீட்டர் வைத்துக்கொண்டால் ஒரு கட்டம் 25 சதுர மீட்டர். அதைத் தள்ளுவது 60 டன், தடுப்பது 9 டன். உப்பாமல் என்ன செய்யும்?

கட்டடம் முழுவதும் மிதந்துவிடாது. மேலிருக்கும் தளங்களின் எடை தூண்கள் வழியாக இறங்கி அதை அழுத்திப் பிடித்திருக்கிறது. தூண்களுக்கு நடுவில் மட்டும் உப்பியதைப் பார்த்தால், உங்களுடையது ஒவ்வொரு தூணுக்கும் அடியில் தனித்தனி புட்டிங் (தூணின் பாரத்தை மண்ணில் இறக்கும் அடிப்பாகம்) போட்டு, நடுவில் பிறகு தரை ஊற்றிய வேலை என்றே தோன்றுகிறது. தூண்களோடு கம்பி பின்னி ஒரே பலகையாக ஊற்றிய ராப்ட் அடித்தளமாக இருந்து, அதைத் தண்ணீரின் மேல்தள்ளலுக்கும் கணக்கிட்டுக் கட்டியிருந்தால் இது நடந்திருக்காது. பில்டரிடமிருந்து வாங்கிய ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தில் இது தெரியும். அந்தக் கோப்பை இன்றே தேடி எடுங்கள்.

இப்போது பார்க்க வேண்டியது, ஊறி வரும் தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, மண்ணோடு வருகிறதா என்பது. வெடிப்பைச் சுற்றிக் கிடக்கும் சேற்றைக் கழுவிவிட்டு, கண்ணாடிக் குவளையில் அந்தத் தண்ணீரைப் பிடித்து ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் ஒன்றும் படியவில்லை என்றால் வெறும் ஊற்று. பம்பை மிதமாக ஓட்டிக்கொண்டே மற்ற வேலைகளைப் பார்க்கலாம். மணலோ வண்டலோ ஒரு விரல்கடை படிந்தாலும் விஷயம் வேறு. தரைக்கு அடியிலிருக்கும் மண் அரித்துக்கொண்டு வருகிறது. நீங்கள் இறைக்க இறைக்க புட்டிங் பக்கத்து மண்ணும் சேர்ந்து போகும். அப்படியானால் பம்பை நிறுத்துங்கள். ஓர் அடி, இரண்டு அடி தண்ணீர் ஏறினால் ஏறட்டும், கெடுதல் இல்லை. அன்றே ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் வந்து பார்க்க வேண்டும். இதற்கு மேஸ்திரி போதாது.

அவர் வரும்வரை நீங்களே செய்யக்கூடியது: ஒவ்வொரு வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமென்டில் பதித்து வையுங்கள். அசைவு இருந்தால் கண்ணாடி உடையும். பேஸ்மென்ட் சுவரில், குறிப்பாகப் பாதி உயரத்தில், படுக்கைவாட்டில் வெடிப்பு ஓடுகிறதா, சுவர் உள்பக்கம் வயிறு தள்ளியிருக்கிறதா என்று நூல் பிடித்துப் பாருங்கள். வெளியிலிருந்து ஊறிய மண் தள்ளினால் சுவர் அங்கேதான் முறியும். மேல் வீடுகளில் கதவு, ஜன்னல் திடீரென்று பிடிக்கிறது, சுவரில் சாய்வாக வெடிப்பு விட்டிருக்கிறது என்று யாராவது சொன்னால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அது புட்டிங் இறங்குவதன் அடையாளமாக இருக்கலாம்.

நிரந்தரப் பழுது இப்போது கிடையாது. நிலத்தடி நீர் இறங்கிய பிறகு, பிப்ரவரிக்கு மேல்தான். சுத்தியால் தட்டிப் பார்த்தால் பொள்ளல் சத்தம் வரும் இடங்களில் தரைக்கு அடியில் வெற்றிடம் இருக்கும். அங்கே சிமென்ட் பால் செலுத்தி நிரப்பலாம், அல்லது அந்தக் கட்டத்தை உடைத்துக் கம்பி கட்டி மறுபடி ஊற்றலாம். எது என்று இன்ஜினீயர் முடிவு செய்யட்டும். சுவரும் தரையும் சேரும் மூலையில் கசிவுக்கு, விரிந்து அடைக்கும் பிசினான பாலியூரித்தேன் இன்ஜெக்‌ஷன் நன்றாக வேலை செய்யும். உள்பக்கம் வாட்டர்ப்ரூப் பெயின்ட் மட்டும் அடித்தால் பணம் தண்டம். பின்னாலிருந்து தள்ளும் தண்ணீர் ஒரே மழையில் அதை உரித்துவிடும்.

இனி ஒருமுறை தண்ணீர் நின்றால் எப்படி இறைப்பது? தெருத் தண்ணீர் வடியும்வரை பம்பைத் தொடாதீர்கள். வடிந்த பிறகு ஓர் அடி மட்டும் இறைத்து, தூணில் கோடு போட்டு, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் தண்ணீர் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் வெளியே இன்னும் அழுத்தம் இருக்கிறது; இன்னொரு நாள் பொறுங்கள். ஏறவில்லை என்றால் ஒரு நாளைக்கு இரண்டடி வீதம் எடுக்கலாம். இதற்காகவே நான்கு தூண்களில் அடிக்கணக்கில் பெயின்டால் அளவுகோல் போட்டு வையுங்கள். வெளியே நிலத்தடி நீர் எங்கே நிற்கிறது என்று பார்க்கவும் உங்களிடம் வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டதால் உங்கள் வளாகத்திலும் உறிஞ்சு குழி இருக்கும். அதில் கல் கட்டிய கயிறை விட்டு அளந்தால் தெரிந்துவிடும். அந்தக் குழி பேஸ்மென்ட் சுவரை ஒட்டியே இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியிருந்தால் மொட்டை மாடித் தண்ணீரை நீங்களே சுவருக்குப் பின்னால் ஊற்றுகிறீர்கள். தள்ளி மாற்றுங்கள்.

கணக்குப் போட்டால் பெரிய பம்பே தேவையில்லை என்பதும் புரியும். 9,000 சதுர அடியில் ஓர் அடித் தண்ணீர் என்பது 9,000 கன அடி, சுமார் 2.55 லட்சம் லிட்டர். 3 அங்குல இன்ஜின் பம்பு ஒன்று நடைமுறையில் மணிக்கு 30,000 முதல் 40,000 லிட்டர் தள்ளும். ஏழெட்டு மணி நேரத்தில் ஓர் அடி. ஒற்றைப் பம்பு, பகலில் மட்டும் ஓடினால், தானாகவே சரியான வேகம். உறிஞ்சு குழாயின் முனையை ஒரு பிளாஸ்டிக் கூடைக்குள் வைத்துக் கட்டுங்கள். பம்பு நிற்பதற்குப் பாதிக் காரணம் உள்ளே போகும் பாலித்தீன் பைதான். மீதிப் பாதி, உறிஞ்சு குழாயின் கிளிப் தளர்ந்து காற்று இழுப்பது. இன்ஜினைச் சாய்தளத்தின் மேலே, திறந்த வெளியில் வையுங்கள். பேஸ்மென்டுக்குள் டீசல் இன்ஜினோ ஜெனரேட்டரோ ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை இருக்காது, ஆளை மயக்கித் தள்ளிவிடும். வெளியேற்றும் குழாயை மழைநீர் வடிகாலில் விடுங்கள். கழிவுநீர் மேன்ஹோலில் விட்டால் அது நிரம்பி உங்கள் வீட்டுக் கழிவறை வழியாகவே திரும்பி வரும். கடைசி ஓரிரு அங்குலத்தில் பெட்ரோலும் ஆயிலும் படலமாக மிதக்கும். அதைக் கடைசிவரை உறிஞ்சாமல் மரத்தூள் போட்டு அள்ளிவிடுங்கள்.

மின்சார விஷயத்தில் உங்கள் எலக்ட்ரீஷியன் சொல்வது ஆபத்து. சாக்கடை கலந்த தண்ணீரில் மூழ்கிய எம்சிபி, ஆர்சிசிபி (மின்னோட்டம் மிகும்போதோ கசியும்போதோ தானாக அணையும் சுவிட்சுகள்), கான்டாக்டர் (மோட்டாரை இயக்கும் சுவிட்ச்) எதையும் காய வைத்துப் பயன்படுத்தக் கூடாது. தண்ணீர் காய்ந்தாலும் உள்ளே உப்பும் வண்டலும் நிற்கும். எம்சிபி அப்போதைக்கு ஆன் ஆகும். டிரிப் ஆக வேண்டிய நேரத்தில் ஆகாது. மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். பஸ்பாரையும் (போர்டுக்குள் மின்சாரத்தைப் பிரிக்கும் உலோகப் பட்டை) இரும்புப் பெட்டியையும் நல்ல தண்ணீரில் கழுவிக் காய வைத்துப் பயன்படுத்தலாம். கேபிளின் நடுப்பகுதி நனைந்தால் பெரும்பாலும் தப்பிக்கும். முனைதான் தண்ணீரை உறிஞ்சும், ஆகவே முனையை வெட்டிப் புதிதாக லக் (உலோக இணைப்பு முனை) அடிக்க வேண்டும். பிறகு 500 வோல்ட் மெக்கரில் (மின்காப்பைச் சோதிக்கும் கருவி) ஒவ்வொரு சர்க்யூட்டையும் சோதித்து, 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் லைன் கொடுக்கக் கூடாது. இதை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர் எழுத்தில் தர வேண்டும். மீட்டர் மின்வாரியத்தின் சொத்து. சீலைத் தொடாமல் மின்னகம் 94987 94987 எண்ணில் பதிவு செய்யுங்கள். மூழ்கிய பம்பு மோட்டாரைக் கடைக்காரர் கழற்றி, கழுவி, ஓவனில் உலர்த்தி, பேரிங் மாற்றித் தந்தால் மறுபடி ஓடும்.

இந்தச் செலவைச் செய்யும்போதே போர்டைத் தரைத்தளத்துக்கு மேலே ஏற்றிவிடுங்கள். அதே இடத்தில் புதுப் போர்டு மாட்டினால் இதே கடிதத்தை மறுபடி எழுத வேண்டி வரும்.

லிப்டை, பராமரிப்பு நிறுவனத்தின் ஆள் குழிக்குள் இறங்கி பபர் (அடியில் மோதாமல் தாங்கும் அமைப்பு), கவர்னர் கப்பி (வேகக் கட்டுப்பாட்டுக் கயிறு ஓடும் சக்கரம்), பாதுகாப்பு சுவிட்சுகளைப் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை இயக்காதீர்கள். குழியில் தேங்கும் தண்ணீரில் ஒரு வாரம், பத்து நாளில் டெங்கு கொசு பறக்கும்.

சம்புக்கு வருவோம். இங்கேயும் அதே இயற்பியல்தான். மண் ஊறியிருக்கும்போது சம்பை முழுக்கக் காலி செய்தால் அதன் அடித்தளமும் உப்பும், வெடிக்கும். உறிஞ்சு குழியில் நீர்மட்டம் சம்பின் அடிக்குக் கீழே இறங்கும்வரை அதைக் காலி செய்ய வேண்டாம். அதுவரை லாரித் தண்ணீரை நேராக மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி, குடிக்கக் கேன் தண்ணீரையே வைத்துக்கொள்ளுங்கள். சம்பு மோட்டாரை யாரும் பழக்கதோஷத்தில் போட்டுவிடாமல் பியூஸைப் பிடுங்கி வையுங்கள்.

காலி செய்யும் நாளில் யாரையும் உள்ளே இறக்காதீர்கள். சாக்கடை கலந்து மூடிக் கிடந்த தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு நிற்கும். முதல் ஆள் மயங்குவார், தூக்கப் போன இரண்டாவது ஆளும் விழுவார். மேலிருந்தே அழுத்தக் குழாயால் பீய்ச்சிக் கழுவி, சேற்றுப் பம்பால் உறிஞ்சி எடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். கழுவிய பிறகு நல்ல தண்ணீர் நிரப்பி, 1,000 லிட்டருக்கு 150 கிராம் கணக்கில், உங்கள் சம்புக்கு 3 கிலோ பிளீச்சிங் பவுடர். நேராகக் கொட்டாதீர்கள். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். இந்தத் தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றி, ஒவ்வொரு வீட்டுக் குழாயிலும் குளோரின் வாசனை வரும்வரை திறந்துவிட்டு, 12 மணி நேரம் அப்படியே வைத்து வெளியேற்றுங்கள். அது குடிக்கவோ குளிக்கவோ உதவாது என்று எல்லா வீட்டுக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அடுத்து நிரப்பும் தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு 4, 5 கிராம் போதும். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்ச வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. அக்வாரியக் கடையில் கிடைக்கும் சோதனைத் தாள் போதும். திறந்து கிடந்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது, புதுப் பாக்கெட் வாங்குங்கள்.

தரை கழுவ லிட்டருக்கு 15 கிராம் பவுடர். அதோடு கழிவறை ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள். மூடிய பேஸ்மென்டில் குளோரின் வாயு கிளம்பினால் ஓட இடமிருக்காது. கழுவுகிறவர்களுக்கு முழங்கால் பூட்ஸும் கையுறையும் வேண்டும். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் உள்ள சிறு புண்ணில் பட்டாலே எலிக்காய்ச்சல் வரலாம். இறங்கியவர்களுக்கு ஓரிரு வாரத்துக்குள் காய்ச்சலோ கெண்டைக்கால் வலியோ வந்தால், வெள்ளத் தண்ணீரில் நின்றதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கார்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இந்நேரம் யாராவது சாவி போட்டுப் பார்த்திருப்பார்கள். போடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளையும். நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று காப்பீட்டில் தள்ளவும் இடம் கொடுக்கும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கதவில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட்டு, தூக்கிச் செல்லும் வண்டியில்தான் அனுப்ப வேண்டும். மூழ்கிய மின்சார ஸ்கூட்டரை உடனே வெளியே தள்ளி, கட்டடத்திலிருந்து 15 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். லித்தியம் பேட்டரி பல நாள் கழித்தும் தீப்பிடிக்கும்.

அடுத்த மழைக்கு முன்: மிக்ஜாமில் தப்பித்து இப்போது மாட்டியதற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, அந்தப் புதுத் தார். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டால் ஒவ்வொரு முறையும் தெரு உயரும், உங்கள் வாசல் தாழும். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று அரசு உத்தரவே இருக்கிறது. அடுத்த முறை வேலை தொடங்கும் அன்றே மாநகராட்சியின் 1913-இல் புகார் கொடுங்கள். இப்போதைக்கு, சாய்தளம் தொடங்கும் இடத்தில் ஒரு மேடு எழுப்புங்கள். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) வைத்துச் சாலையின் நடு உச்சியிலிருந்து அளந்து, அதைவிட ஓர் அடியாவது உயரமாக இருக்க வேண்டும். அதற்கு மேல் வரும் தண்ணீருக்கு, இரு பக்கமும் பள்ளம் வெட்டிய சட்டத்தில் ரப்பர் பட்டையோடு இறங்கும் அலுமினியப் பலகைத் தடுப்பு. அது முடியாவிட்டால் மணல் மூட்டை. மூட்டையைப் பாதிக்குச் சற்று மேல் மட்டும் நிரப்பி, செங்கல் போல மூட்டு மாற்றி அடுக்கி, தெருப் பக்கம் பாலித்தீன் விரிப்பைப் போர்த்த வேண்டும். முழுக்கத் திணித்த மூட்டைகளுக்கு நடுவே சந்து விழும்.

சாய்தளத்தில் நேராக விழும் மழை தனிக் கணக்கு. 1,000 சதுர அடிச் சாய்தளத்தில் மணிக்கு 100 மி.மீ. மழை கொட்டினால் நிமிடத்துக்கு 155 லிட்டர் உள்ளே இறங்கும். அடியில் குறுக்குக் கால்வாய், அதிலிருந்து ஒரு குழி, குழியில் இந்த அளவுக்கு மேல் தள்ளும் இரண்டு சப்மெர்சிபிள் பம்பு. ஒன்று ஓட, ஒன்று மாற்றுக்கு. மிதவை சுவிட்ச், ரிட்டர்ன் வராத வால்வு இரண்டும் அவசியம். ஜெனரேட்டர் லைனும் அந்தப் பம்புக்கு வர வேண்டும், ஜெனரேட்டர் மேலே இருக்க வேண்டும். பேஸ்மென்டிலிருந்து கழிவுநீர்க் குழாய்க்குப் போகும் இணைப்பிலும் ஒரு வால்வு போடுங்கள். வாசலை அடைத்துவிட்டு, தரை வடிகால் வழியாகச் சாக்கடை பொங்கிய கட்டடங்கள் சென்னையில் நிறைய.

கார்களை எடுக்கும் நேரத்தையும் இப்போதே பொதுக்குழுவில் முடிவு செய்யுங்கள். வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை விட்டால், அதாவது 24 மணி நேரத்தில் 204.4 மி.மீ.க்கு மேல் பெய்யலாம் என்றால், மழை தொடங்கும் முன்பே பேஸ்மென்ட் காலியாகிவிட வேண்டும். 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்தியவர்களைப் பலர் கேலி செய்தார்கள்; அவர்கள் செய்தது சரி. மழை பிடித்த பிறகு ‘காரை எடுங்கள்’ என்று வாட்ஸாப் குழுவில் போடவே கூடாது. 2022 செப்டம்பரில் தென்கொரியாவின் போஹாங் நகரில், புயல் மழைக்கு நடுவே காரை எடுக்க அடுக்ககத்தின் நிலத்தடி நிறுத்தத்துக்குள் இறங்கியவர்களில் 7 பேர் அங்கேயே இறந்தார்கள். 2024 ஜூலை 27 அன்று டெல்லி ஓல்டு ராஜிந்தர் நகரில் பயிற்சி மையத்தின் பேஸ்மென்ட் நூலகத்தில் வெள்ளம் புகுந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். தண்ணீர் சாய்தளத்தில் இறங்கத் தொடங்கிவிட்டால், லிப்டை மேல்தளத்தில் நிறுத்தி, மேலேயிருந்தே மெயினை அணைத்து, சாய்தளத்தைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட வேண்டும். பம்பு சுவிட்சைப் போடுவதற்காக வாட்ச்மேனைக் கீழே அனுப்பும் வழக்கம் இருந்தால், அந்த சுவிட்சையும் மேலே கொண்டுவந்துவிடுங்கள்.